பேராதனையிலிருந்து மடு வரை

‘மடு’ என்றால் நீர் ஆழமாகத் தேங்கி நிற்கும் இடம். மருத மரங்கள் சூழ்ந்த அப்படியொரு நீர்நிலையால்தான் ‘மருதமடு’ என்ற பெயர் வந்தது என்பார்கள். மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பில், பாலையும் வீரையும் அடர்ந்த காட்டுக்கு நடுவே இருக்கிறது இந்த ஊர். இலங்கையில் இதன் பெயரைக் கேட்டதும் எவருக்கும் நினைவுக்கு வருவது கத்தோலிக்கர்களின் மாதா கோயில். மன்னாரிலிருந்து 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கோ, மடு என்பது வீதியோரத்துப் பெயர்ப்பலகை ஒன்றுதான்.

இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் பட்டப்படிப்பை முடித்துப் பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளில் நீ கற்ற பெரிய பாடம் என்ன, அதைக் கற்பித்தவர் யார் என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லப் போனால் விரிவுரை மண்டபத்தோடு நின்றுவிட முடியாது. மடு வரைக்கும் போகவேண்டியிருக்கிறது. வாசகர்களையும் அவ்வழியே அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

மகாவலிக் கரையில்

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. ஒருபுறம் ஹந்தானை மலை. நடுவே மகாவலி கங்கை. ஆற்றின் மறுகரைக்குச் செல்ல அக்பர் பாலம். சித்திரை, வைகாசியில் மரங்கள் பூத்துச் சொரியும்போது, பரீட்சைக் கவலையோடு நடப்பவர்களும் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள்.

ஆனால் எங்கள் அணியினருக்கு இந்த அழகு தாமதமாகவே கிடைத்தது. கொரோனாக் காலத்தில் முதலாண்டின் பெரும்பகுதி கைப்பேசித் திரையிலேயே கழிந்தது. சிக்னல் கிடைக்கவில்லை என்று பாலாவியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்று விரிவுரை கேட்ட நாட்கள் உண்டு. விடுதிக்கு வந்து ஆறுதலாக மூச்சுவிடுமுன் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் மூவர் ஒரு மேசையில் படித்தோம்.

அந்த மூவரில் ஒருத்தி குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண். மற்றவள் மடுவுக்கு அருகில் உள்ள பண்டிவிரிச்சானைச் சேர்ந்த தமிழ்ப் பெண். நோன்பு காலத்தில் ஸஹருக்கு என்னை எழுப்பியவள் குருநாகல்காரி. அலாரம் அடித்து அவளும் விழித்துவிடுவாள். நான் எழும்பவில்லை என்றால் போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பிப் படுப்பாள். பெரிய வார்த்தைகள் எதுவும் எங்களுக்குள் பேசப்படவில்லை. ஒரே ‘ஹீற்றரில்’ மாறி மாறித் தேநீர் வைப்பதற்கு எந்தத் தத்துவமும் தேவைப்படவில்லை.

ஆசானின் ஆசான்

எங்கள் துறையில் அடியெடுத்து வைக்கும் மன்னார்ப் பிள்ளைகள் எல்லோரும் விரைவில் கேட்டுவிடும் பெயர் ஒன்றுண்டு. மர்ஹூம் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி அவருடைய ஊர். என் உம்மாவின் ஊரும் அதுவே.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் இழந்தவர்களானார்கள். அவர்களில் பெரும்பங்கினர் மன்னார் மாவட்டத்தவர். தீவில் இருந்தவர்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து தோணிகளில் கற்பிட்டிக்குப் போனார்கள். பெருநிலப்பரப்பில் இருந்தவர்கள் தரைவழியே தெற்கு நோக்கி நடந்தார்கள். அதன்பின் புத்தளம் மாவட்டத்தில் தென்னந்தோப்புகளுக்கு இடையே கிடுகுக் குடிசைகளில் ஒரு தலைமுறையே பிறந்தது.

தம் ஊரார் அகதிகளானபோது பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் கண்ணீரோடு நின்றுவிடவில்லை, எண்ணத் தொடங்கினார். எந்த ஊரிலிருந்து எத்தனை குடும்பங்கள், எவ்வளவு காணி, எத்தனை வீடு, என்ன தொழில், என்ன இழப்பு என்று திரட்டினார். அந்த உழைப்பின் பயன்தான் 2001இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘முஸ்லிம் அகதிகள்: இலங்கை இனப் பிணக்கில் மறக்கப்பட்ட மக்கள்’ என்ற நூல். இழந்ததைச் சொல்லி அழுபவனுக்கு உலகம் இரக்கம் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். கணக்கோடு வருபவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதை அவர் செய்து காட்டினார். அதே வேளை தமிழ் மக்களோடு மீண்டும் சேர்ந்து வாழும் வழியையும் இறுதிவரை தேடினார். 2018 ஆகஸ்டில் அவர் காலமானது யாழ்ப்பாணத்தில்தான். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக.

நான் அவரிடம் படித்தவள் அல்லள். அவரிடம் படித்த ஒருவரிடம் படித்தவள். என் இறுதியாண்டு ஆய்வுக்கு வழிகாட்டிய சேர், அவருடைய மாணவர். ஆசிரியர் ஒருவர் போன பிறகும் அவருடைய பாடம் நடந்துகொண்டிருக்கும் என்பதை நான் கண்ணால் கண்டது அங்கேதான்.

பேராதனைக்கு இது புதிதுமல்ல. இங்கே தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார்க் கிராமங்களின் நாட்டுக்கூத்துகளைத் தேடிப் பதிப்பித்து அச்சேற்றினார். அதற்கும் முன்னர், சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்து இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குப் போன பாணந்துறை ம.மு. உவைஸ், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டைத் தம் முதுமாணி ஆய்வாக்கினார். 1953இல் அது நூலாக வந்தது. பின்னாளில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக விளங்கினார். நல்ல ஆசான்கள் மாணவனைப் புத்தகத்தோடு நிறுத்திவிடுவதில்லை. சொந்த மண்ணுக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

வெற்று வரைபடம்

வெளியேற்றப்பட்டவர்கள் எந்தெந்த வழியாகப் போனார்கள் என்பதை முதியவர்களின் நினைவிலிருந்து வரைபடமாக்குவதே என் ஆய்வு. முன்மொழிவைப் படித்த சேர், மன்னார் மாவட்டத்தின் வெற்று வரைபடம் ஒன்றைக் கையில் தந்தார். 1990இல் மன்னாரில் வீட்டைவிட்டுப் போன எல்லோருடைய வழியையும் இதில் காட்டவேண்டும் என்றார். எல்லோருடைய வழி என்றால் முஸ்லிம்களுடையது மட்டுமல்ல, தமிழர்களுடையதும்.

இன்னொரு விதியும் வைத்தார். கட்டுரையில் ‘நாங்கள்’, ‘அவர்கள்’ என்ற சொற்கள் வரக்கூடாது. யாரைப் பற்றிப் பேசினாலும் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். எருக்கலம்பிட்டியார், பேசாலையார், முருங்கனார், சிலாவத்துறையார் என்று எழுதவேண்டும். கேட்க எளிய விதிதான். எழுதிப் பாருங்கள், எவ்வளவு கோபம் அந்த இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்பது விளங்கும்.

என் அறைத் தோழியிடம் இதைச் சொன்னேன். “அப்ப எங்கட வீட்டுக்கு வாரும். அம்மா மடு முகாமிலதான் வளர்ந்தவ” என்றாள். அதுவரை மூன்றாண்டுகள் ஓர் அறையில் இருந்தும் இதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

வழியெல்லாம் வரலாறு

கண்டியிலிருந்து மன்னார் பஸ்ஸில் ஏறினோம். மாத்தளை, தம்புள்ளை, அனுராதபுரம். அங்கே மல்வத்து ஓயாவைக் காணலாம். 164 கிலோமீற்றர் நீளமான இந்த ஆறு அனுராதபுரத்தில் சிங்களப் பெயரோடு ஓடி, மன்னாருக்குள் நுழையும்போது ‘அருவி ஆறு’ என்ற தமிழ்ப் பெயரைப் பெறுகிறது. தேக்கம் என்ற அணைக்கட்டால் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பி, மன்னாரின் நெல்வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் அரிப்புக்கு அருகே கடலில் கலக்கிறது. வரைபடத்தில் இது ஒரே நீலக் கோடு. அதன் கரையில் உழுபவர்கள் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று சமூகத்தவர்கள். மேலே மழை பொய்த்தால் கீழே எல்லோருக்கும்தான் வயல் காயும்.

மதவாச்சியில் திரும்பிச் செட்டிகுளம் வந்தோம். 2009இல் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்த 2 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அடைக்கப்பட்டிருந்த ‘மெனிக் பாம்’ முகாம்கள் இப்பிரதேசத்தில்தான் இருந்தன. 2012இல் அவை மூடப்பட்டன. இன்று கடந்து போகும் பயணிக்குச் சொன்னால்தான் தெரியும்.

வீதிக்குச் சமாந்தரமாகத் தலைமன்னார் ரயில் பாதையும் வருகிறது. அந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் போகிறவர்களைத் தலைமன்னார்த் துறைமுகத்துக்கு ஏற்றிச் சென்ற பாதை இது. 1990இல் போரினால் நின்றது. இந்திய உதவியோடு மீண்டும் அமைக்கப்பட்டு 2013இல் மடு வீதி நிலையம் வரைக்கும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. மடுச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து வடக்கே காட்டு வழியில் 10 கிலோமீற்றருக்கு மேல் போனால் கோயில் வருகிறது.

காட்டுக்குள் ஓர் அடைக்கலம்

மடுவின் கதையே இடம்பெயர்ந்த கதைதான். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களைக் கைப்பற்றிக் கத்தோலிக்கர்களை நெருக்கியபோது, மாந்தையில் இருந்த சில குடும்பங்கள் தம் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன. 1670 அளவில் அது மடுவுக்கு வந்தது என்பது அவர்களின் மரபு. மதத்தைக் காப்பாற்ற ஊரைவிட்டு ஓடியவர்கள் அமைத்த இடம் பின்னர் நாட்டின் பெரிய யாத்திரைத் தலமாயிற்று. ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு நீர்கொழும்பு, சிலாபம் போன்ற ஊர்களிலிருந்து சிங்களக் கத்தோலிக்கரும், வடக்கு கிழக்கிலிருந்து தமிழரும் வந்து கூடுகிறார்கள். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸும் இங்கே வந்தார். மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கையால் மற்ற மதத்தவர்களும் முன்பு தேடி வந்ததாகச் சொல்வார்கள். வழிபாட்டில் நம் வழி வேறு. ஆயினும் அடைக்கலம் தேடி வந்தவர்களின் துயரம் எந்த மதத்தவருக்கும் விளங்கக் கூடியதே.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்த் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே ஓடிவந்தார்கள். அந்த ஆண்டே ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் நிவாரண நிலையங்களைத் திறந்தது. 90கள் முழுவதும் கோயில் வளவும் சுற்றுக்காடும் முகாமாயின. அப்படியும் அடைக்கலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. 1999 நவம்பரில் கோயில் வளாகத்தில் ஷெல் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் போர் இவ்விடத்தை நெருங்கியபோது, சிலையையே குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக நேர்ந்தது.

தேதிகளைக் கவனியுங்கள். எருக்கலம்பிட்டியார் கற்பிட்டிக் கரையில் இறங்கிய அதே ஆண்டில்தான் முருங்கனார் மடுக் காட்டில் கிடுகு வேய்ந்தார்கள். ஒரே மாவட்டத்தின் மக்கள், சில மாத இடைவெளியில், எதிரெதிர்த் திசையில் அகதிகளானார்கள். இருவர் கதையும் தனித்தனிப் புத்தகங்களில் இருக்கின்றன. ஒருவர் புத்தகத்தை மற்றவர் வாசிப்பதுதான் குறைவு.

பண்டிவிரிச்சானில் ஒரு பகல்

தோழியின் வீட்டில் எனக்காகப் புதுச் சட்டி வாங்கி மீன் கறி சமைத்திருந்தார்கள். “கடையிலயிருந்து வந்ததும் நேரா அடுப்பிலதான் பிள்ளை, வேறை ஒண்டும் சமைக்கேல்லை” என்று கேளாமலே சொன்னார் தோழியின் அம்மா. முற்றத்தில் பாலைப்பழம் ஒரு சுளகு நிறைய இருந்தது. ளுஹர் நேரம் வந்தபோது உள்ளறையைக் கூட்டி, புதுப் பாய் ஒன்றை விரித்து, “எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுறனீங்கள்?” என்று கேட்டார். களஆய்வுக்காகப் பையில் வைத்திருந்த திசைகாட்டியை எடுத்து, மேற்கிலிருந்து சற்று வடக்காகப் பாயைத் திருப்பினேன். அவர் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வரைபடத்தைப் பாயில் விரித்தோம். 1990இல் அவர் முருங்கன் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகும் சிறுமி. வந்த வழியை விரலால் காட்டினார். எந்தக் குளக்கட்டில் இரவு தங்கினார்கள், எங்கே தண்ணீர் கிடைத்தது, முகாமில் மரத்தடிப் பள்ளி எந்த இடத்தில் நடந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். எருக்கலம்பிட்டியிலிருந்து கடல்வழி போன என் உம்மம்மாவின் பச்சைக் கோடு ஏற்கெனவே அந்தத் தாளில் இருந்தது.

பச்சைக் கோடு யாருடையது என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

“உங்கட ஆக்கள் போன பிறகு முருங்கனில கடையள் பூட்டிக் கிடந்தது. அந்தக் கடை முதலாளியின்ர மகள் என்னோட ஒரே வகுப்பு. ஏன் அவள் வரேல்லை எண்டு ரீச்சரிட்டக் கேட்டன். ரீச்சர் ஒண்டும் சொல்லேல்லை. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை பிள்ளை. பயம். அந்தப் பயம் இப்பவும் ஒரு வெக்கமாக் கிடக்கு.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று சிறுமியாக இருந்த அவர் கேட்க வேண்டியதுமில்லை. செய்தவர்கள் வேறு; ஆணையிட்டவர்கள் வேறு. ஆனால் எங்கள் இல்லாமையை ஒரு பிள்ளை கவனித்திருக்கிறாள், 35 ஆண்டுகளாக மறக்காமல் வைத்திருக்கிறாள் என்பதை உம்மம்மாவிடம் போய்ச் சொன்னபோது, அவர் தஸ்பீஹை நிறுத்திவிட்டு, “அந்தப் பொம்புளைப் பிள்ளைக்குப் பேர் என்ன?” என்று கேட்டார். அன்று இஷாவுக்குப் பிறகு நெடுநேரம் துஆவில் இருந்தார்.

தாளில் இரு நிறக் கோடுகள் ஓரிடத்தில் மிக நெருங்கி வருகின்றன. மன்னார்ப் பாலத்தடி அது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் உள்ள ஒரே தரைவழி. அதற்கு மேல் அவை சேரவில்லை. ஆய்வைப் பார்த்த சேர், முடிவுரையில் உபதேசம் எதுவும் எழுத வேண்டாம், படத்தை மட்டும் முழுப் பக்கத்தில் போடச் சொன்னார்.

பட்டம் எதற்கு?

2009க்குப் பின்னர் பலர் மன்னாருக்குத் திரும்பியிருக்கிறார்கள். முசலிப் பக்கத்தில் காடு மூடிய காணிகளைத் துப்புரவாக்கினார்கள். எருக்கலம்பிட்டியில் மீண்டும் பாங்கொலி கேட்கிறது. ஆனால் புத்தளத்திலேயே வேர்விட்டவர்களும் பலர். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தொழில், திருமணம் எல்லாம் அங்கே ஆகிவிட்டன. திரும்புவதா இருப்பதா என்பதில் எங்கள் வீட்டிலேயே ஒருமித்த கருத்தில்லை. வாப்பாவுக்குப் புத்தளம், உம்மாவுக்கு எருக்கலம்பிட்டி. ஆசிரிய நியமனம் கிடைத்தால் மன்னார் மாவட்டத்துக்கே விண்ணப்பிப்பது என்று நான் தீர்மானித்திருக்கிறேன். புவியியல் ஆசிரியை ஒருத்தி இல்லாத பாடசாலைகள் அங்கே உண்டு என்று கேள்விப்படுகிறேன். எந்தச் சமூகத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தாலும், முதல் நாள் வெற்று வரைபடம் ஒன்றைக் கொடுப்பேன், இன்ஷா அல்லாஹ்.

வாசகச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். 1990இல் நாற்பது வயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபத்தைந்து. ஜனாஸாச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு வழி, ஒரு கிணறு, ஒரு தோப்பின் பெயர், அயலவர் ஒருவரின் நன்மை நம்மோடு இல்லாமல் போகிறது. பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் தனியொருவராக எவ்வளவோ எண்ணி வைத்துவிட்டுப் போனார். மிச்சம் நம் வீடுகளில்தான் இருக்கிறது. ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் உம்மம்மாவிடம், வாப்பும்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்த ஒழுங்கை, எத்தனை தென்னை, பக்கத்து வீட்டில் யார் இருந்தார், போகும்போது சாவியை யாரிடம் கொடுத்தீர்கள், யார் தண்ணீர் தந்தார்கள் என்று கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள். உங்களோடு படிக்கும், வேலை செய்யும் தமிழ்த் தோழியிடமும் அவர் வீட்டுக் கதையைக் கேளுங்கள். இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதி வையுங்கள்.